ஓவர் இயரா, ஆன் இயரா? பாட்டுக் கற்றுக்கொள்பவருக்கு எது பொருந்தும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறீர்கள். மாலையில் வகுப்பு, இரவில் பழைய கச்சேரிப் பதிவுகள் என்று தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஹெட்போன் தலையில் இருக்கிறது. கண்ணாடி அணிகிறீர்கள், காதில் தோடு. இப்போது வைத்திருப்பது ஆன் இயர், அதாவது காதுமடலின் மேலேயே உட்காரும் வகை. அரை மணி நேரத்தில் வலிக்கத் தொடங்குகிறது. காது முழுவதையும் உள்ளே விட்டுச் சுற்றி அமரும் ஓவர் இயர் வாங்கலாம் என்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும், கனமும் அதிகம் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். எது சுகம், எது நல்ல ஒலி என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் இது ஒரே கேள்விதான்: குஷன் உங்கள் தலையில் எப்படிப் பொருந்துகிறது? வலி அங்கிருந்துதான் வருகிறது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம், நிறைவாகக் கேட்பதும் கேட்காமல் போவதும் அதே இடத்தில்தான் முடிவாகிறது.

நான் தஞ்சாவூரில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். கோயில் திருவிழா நாகஸ்வரம், சபாக் கச்சேரி, அரங்கேற்றம், மாணவர்களின் பாட்டு என்று எல்லாம் கலந்த பிழைப்பு. மேசையில் இரண்டு வகை ஹெட்போனும் இருக்கும். இரண்டுக்கும் வேலை உண்டு. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆகையால் ஹெட்போனைக் கழற்றிய பிறகும் வலி நீடித்தால், அல்லது காதுக்குள் ரீங்காரம் கேட்டால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வலியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது. காதுமடல் என்பது, கீழே தொங்கும் சோணை நீங்கலாக, குருத்தெலும்பும் அதன் மேல் போர்த்திய மெல்லிய தோலும்தான். கன்னத்தில் இருப்பதுபோன்ற சதைப்பற்று அங்கே கிடையாது. ஆன் இயர் குஷன் அதைத் தலையோடு சேர்த்து அழுத்துகிறது. வெறும் காதாக இருந்தால் பலரால் ஒரு மணி நேரமாவது தாங்கிக்கொள்ள முடியும். உங்களுக்கோ இடையில் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. காதுமடலுக்கும் மண்டைக்கும் நடுவே கண்ணாடிச் சட்டத்தின் பக்கக் கம்பி. அதற்குக் கீழே தோட்டின் திருகாணி. முன்னாலிருந்து குஷன் தள்ளுகிறது, பின்னாலிருந்து திருகாணி குத்துகிறது, நடுவில் அகப்பட்டுக்கொள்வது காதுமடல். நீங்கள் எழுதியிருக்கும் "காதுக்குப் பின்னால் குத்துகிற வலி" இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் சோதிப்பது எளிது. ஒருநாள் தோட்டைக் கழற்றிவிட்டு அதே ஹெட்போனை அதே நேரம் போட்டுப் பாருங்கள். மறுநாள் தோடு இருக்கட்டும், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். புது ஹெட்போனே வாங்காமல், வகுப்பு நேரத்துக்கு மட்டும் தட்டையான திருகாணி உள்ள சின்னத் தோட்டுக்கு மாறிக்கொண்டு நிம்மதியானவர்களை எனக்குத் தெரியும்.

ஓவர் இயரில் இந்த அழுத்தம் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. குஷன் காதைச் சுற்றியுள்ள எலும்பின் மீதும் தாடைக்கு மேலுள்ள சதையின் மீதும் பரவி உட்காருகிறது. காதுமடல் உள்ளே சும்மா இருக்கிறது. கண்ணாடிக் கம்பியின் மேல் குஷன் ஏறி அமர்வதால் கம்பி தலையின் பக்கவாட்டில் அழுந்தும் என்பது உண்மை. கம்பி மெல்லியதாகவும் குஷன் தடித்து மெத்தென்றும் இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பெட்டியில் ஓவர் இயர் என்று அச்சிட்டிருப்பதாலேயே அது உங்கள் காதுக்கு ஓவர் இயர் ஆகிவிடாது. வயதுவந்தவர்களின் காது ஏறக்குறைய ஆறு, ஆறரை சென்டிமீட்டர் உயரம் இருக்கும். குஷனின் உட்துளை அதைவிடச் சிறியதாக இருந்தால் காதின் ஓரங்கள் குஷனுக்கு அடியில் மாட்டும். நீங்கள் இரட்டிப்புக் கனம் கொண்ட ஆன் இயர் ஒன்றை வாங்கியதாக ஆகும். தையல் டேப்பை எடுத்து உங்கள் காதின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வாங்கும் மாடலின் வெளி அளவைப் பார்க்காதீர்கள், உட்துளையின் நீள அகலத்தையும் ஆழத்தையும் பாருங்கள். ஆழம் போதாவிட்டால் காதுமடலின் ஓரம் உள்ளே ஒலிபெருக்கியை மூடியிருக்கும் துணியில் உரசும்; ஒரு மணி நேரம் கழித்து அந்த ஒரு புள்ளி மட்டும் எரியும். இதற்கு ஆழமான குஷன் மாற்றுவதைத் தவிர வழி கிடையாது. ஜிமிக்கி போடும் பழக்கம் இருந்தால் ஓவர் இயருக்குள் அது ஆடி ஆடிப் பிளாஸ்டிக்கில் தட்டும். கச்சேரியில் இல்லாத ஒரு கஞ்சிராக்காரர் உங்களுக்கு மட்டும் வாசிப்பார்.

கனத்தைப் பற்றித் தோழிகள் சொன்னது பாதி சரி. சென்ஹைசர் எச்டி 25 என்ற புகழ்பெற்ற ஆன் இயர், கேபிள் நீங்கலாக 140 கிராம் அளவில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் எச்டி 600 என்ற ஓவர் இயர் 260 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறக்குறைய 385 கிராம். ஆனால் தராசு சொல்வது ஒன்று, தலை சொல்வது ஒன்று. எச்டி 25 இலேசானதுதான், கவ்வுவதோ நண்டுப்பிடி. அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். தவிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குனிந்து நிமிரும்போது நழுவக் கூடாது, வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது. நான் அதைத் திருவிழாக்களில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மாட்டிக் கழற்றுகிறேன். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரக் கச்சேரி ஒன்றை உட்கார்ந்து கேட்கச் சொன்னால் மாட்டேன். கனமான ஓவர் இயர் வேறு இடத்தில் வேலையைக் காட்டும்: உச்சந்தலையில் பட்டை படும் இடத்திலும் பின்கழுத்திலும். குனிந்து நோட்டுப் புத்தகத்தில் ஸ்வரம் எழுதும் பழக்கம் இருந்தால் 300 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பேன். பட்டை அகலமாக, குஷன் வைத்ததாக இருக்கட்டும். கொண்டையோ பூவோ வைத்துக்கொண்டு மாட்டினால் பட்டை முன்னால் சரிந்து, குஷன்களின் கோணமும் மாறிவிடும். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோணம் மாறினால் ஒலியும் மாறும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

புழுக்கம் விஷயத்தில் உங்கள் தோழிகள் முழுக்கச் சரி. மூடிய ஓவர் இயருக்குள் காதைச் சுற்றி அடைபட்ட காற்று இருக்கிறது. அது சூடாகி, ஈரமாகி, போக வழியில்லாமல் நிற்கும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் அரை மணி நேரத்தில் காதோரம் நசநசக்கும். ஆன் இயர் இந்த ஒரு விஷயத்தில் மேல். காதைச் சுற்றிக் காற்றுப் படுகிறது. ஆனால் ஓவர் இயர் எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெல்வெட் போன்ற துணிக் குஷன் வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், தோலில் ஒட்டாது. வெளிப்புறம் சல்லடைபோலத் திறந்திருக்கும் வகை இன்னும் காற்றோட்டமானது. பளபளவென்று கறுப்புத் தோல்போல இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதிமாற்றம் அடைந்து சிதைய ஆரம்பிக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கன்னத்தில் கறுப்புச் செதிலாக ஒட்டிக்கொண்டு வருவது அதுதான். டெல்டா ஈரத்தில் இது உலர்ந்த ஊர்களைவிடச் சீக்கிரம் நடக்கிறது என்பது என் தொழிலில் தினம் பார்ப்பது. தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே குஷன் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா, மாற்றுக் குஷன் கிடைக்கிறதா என்று பார்க்காமல் எந்த ஹெட்போனையும் வாங்காதீர்கள். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, காற்றுப்படும் இடத்தில் மாட்டி வையுங்கள். பையில் போட்டு இறுக்கி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இனி ஒலி. மூடிய ஹெட்போனில் கீழ்ஸ்தாயி ஒலி எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். குஷன், ஒலிபெருக்கி, உங்கள் தலை மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய மூடிய அறையை உண்டாக்குகின்றன. ஒலிபெருக்கியின் மென்தகடு முன்னும் பின்னும் அசைந்து அந்த அறையின் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அறை அடைப்பாக இருக்கும்வரை தாழ்ந்த ஒலிகள் நிறைவாகக் கேட்கும். எங்காவது ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தம் அதன் வழியாகக் கசிந்துவிடும். மேல்ஸ்தாயி ஒலிகள் அப்படியே இருக்க, கீழ்ஸ்தாயி மட்டும் மெலியும். கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் இருப்பது அப்படியொரு இடைவெளிதான். ஓவர் இயரில் கம்பி ஒன்றுதான் பிரச்சினை. ஆன் இயரிலோ காதுமடலே மேடும் பள்ளமுமானது. எந்த மடிப்பு எந்தக் குஷனோடு சேரும், எங்கே இடைவெளி விழும் என்பது ஒவ்வொருவர் காதுக்கும் வேறு. ஒரே காதில்கூட ஒரு விரற்கடை நகர்த்தினால் வேறு. அதனால்தான் ஒரே ஆன் இயரை ஒருவர் கணீரென்று இருக்கிறது என்பார், இன்னொருவர் தகரம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

இது நம் சங்கீதத்தில் எங்கே உறைக்கும்? ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வு. தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தி அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். நீங்கள் ஐந்து கட்டையில் பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஸட்ஜம் 196, மந்தரம் 98. மிருதங்கத்தில் ரவை பூசிய தொப்பிப் பக்கம் வலந்தலை என்ற வலப்பக்கத்தைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே பேசும். ஆக 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி நமக்கு அலங்காரமில்லை, அடித்தளம். அதேசமயம் ஆறுதலான ஒன்றும் உண்டு. அடிப்படை அதிர்வு காதுக்கு எட்டாவிட்டாலும் அதன் மேல்வரிசை அதிர்வுகளைக் கொண்டு மூளை சுருதியை ஊகித்துக்கொள்ளும். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியில் தம்புரா கேட்டாலும் நீங்கள் சுருதி சேர்ந்து பாட முடிவது அதனால்தான். எனவே கசியும் ஹெட்போன் உங்கள் சுருதியைக் கெடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தொப்பியின் கும்கி என்கிற குமுறும் நாதம் இல்லாத மிருதங்கத்தையும் உடம்பில்லாத குரலையும் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

இப்போது இருக்கும் ஹெட்போனிலேயே இதைச் சோதித்துவிடலாம். தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி, உள்ள ஒரு பதிவைப் போடுங்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் இரு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். தொப்பி சட்டென்று எழுந்து வந்தால், கையை எடுத்ததும் அடங்கிவிட்டால், அடைப்பு சரியில்லை என்று பொருள். கண்ணாடியைக் கழற்றி மறுபடி பாருங்கள். கடையில் ஒரு புது ஹெட்போனை மதிப்பிடவும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறதா? அது உங்கள் தலைக்குப் பொருந்துகிறது.

மேல்ஸ்தாயியில் வேறொரு விஷயம். காதுமடலின் பள்ளமும் காதுத் துளையும் சேர்ந்து இயற்கையாகவே 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கிக் கொடுக்கின்றன. மனிதர்கள் பேசுவதும் குழந்தை அழுவதும் நமக்குத் தெளிவாகக் கேட்பதில் இதற்குப் பங்குண்டு. ஓவர் இயர் காதுமடலை அதன் உருவத்திலேயே விட்டுவிடுகிறது. ஆன் இயர் அதைத் தட்டையாக்கிவிடுகிறது. எவ்வளவு தட்டை என்பது உங்கள் காதைப் பொறுத்தது. நாகஸ்வரம், வயலின் இரண்டிலும் உள்ள காரம் இந்தப் பகுதியிலும் இதற்கு மேலும்தான் இருக்கிறது. ஆகையால் ஓவர் இயர் பற்றிப் பிறர் எழுதுவதை ஓரளவு நம்பலாம். ஆன் இயர் பற்றி எழுதுவதை அதைவிடக் குறைவாக நம்புங்கள். விலையை நம்புவது அதைவிட வீண். 2017-ல் யெரூன் பிரெபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, ஒலியின் அலைவரிசைப் போக்குக்கும் (எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வருகிறது என்ற கணக்குக்கும்) விலைக்கும் தொடர்பில்லை என்று எழுதினார். விலை கூடினால் தயாரிப்பு நேர்த்தி கூடலாம், வசதிகள் கூடலாம். ஒலி கூடியே தீரும் என்று சட்டமில்லை.

ஆன் இயர் என்றால் மட்டம் என்று இதைப் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். 1968-ல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 414, உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த திறந்த வகை ஹெட்போன். அது நுரைப் பஞ்சு வைத்த ஆன் இயர். 1979-ல் சோனி வாக்மேனோடு வந்ததும் ஆன் இயர்தான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த பெட்டிகளில் நம் ஊர்க்காரர்கள் கொண்டு வந்தது அந்த வகை. காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-லிருந்து இன்றுவரை ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறது. இறகுபோல இலேசு, காதில் மென்மை, கேட்க இனிமை. என்ன, வெளிச்சத்தம் எதையும் தடுக்காது.

இங்கேதான் நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு மிக முக்கியமான பிரிவு வருகிறது. ஓவர் இயரா ஆன் இயரா என்பதைவிட, மூடியதா திறந்ததா என்பது பாடகருக்குப் பெரிய கேள்வி. மூடிய ஓவர் இயரை மாட்டிக்கொண்டு ஒரு ஸட்ஜம் பிடித்துப் பாருங்கள். உங்கள் குரலின் கனத்த பகுதி எலும்பு வழியாகக் காதுக்கு வந்துவிடும். காற்று வழியாக வர வேண்டிய கூர்மையை ஹெட்போன் மறித்துவிடும். குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல இருக்கும். ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடகர்கள் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடுவது ஸ்டைலுக்காக இல்லை. தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதவர் ஒன்று கத்துவார், அல்லது சுருதியில் ஐயப்பட்டுத் தடவுவார். இரண்டும் கற்றுக்கொள்ளும் வயதில் பழகக் கூடாதவை. திறந்த வகையில் உங்கள் குரலும் அறையில் வைத்திருக்கும் சுருதிப் பெட்டியும் ஹெட்போன் இல்லாததுபோலவே கேட்கும். குருவின் குரல் கூடவே கேட்கும். கண்ணாடிக் கம்பியால் வரும் கசிவும் திறந்த வகையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, அது முன்பே பாதி திறந்த அறை. அதற்கான விலை, மிகத் தாழ்ந்த ஒலிகள் மூடிய வகை அளவுக்கு இறங்காது. உள்ளே ஓடுவது வெளியே கேட்கும். ஒலி அளவைக் கூட்டி வைத்தால் குருவின் குரல் உங்கள் மைக்கில் புகுந்து அவருக்கே எதிரொலியாகத் திரும்பும். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, அளவைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

வகுப்புக்கு ப்ளூடூத் வேண்டாம், கேபிள்தான். இதில் எனக்கு ஐயமே இல்லை. ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும், பெரும்பாலான கருவிகளில் இணைப்பு தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அப்போது கேட்பது போன் பேச்சுத்தான். தாமதமும் உண்டு. இணையத்தின் தாமதம் போதாதென்று இது வேறு எதற்கு? கைபேசியில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துளையிலோ மாற்றியிலோ நேரே செருகும் ஹெட்போனின் மின்தடை 32 ஓம் அளவில் இருந்தால் நல்லது. எச்டி 600 போல 300 ஓம் உள்ளவற்றைக் கைபேசி பெரும்பாலும் முழுசாக இயக்காது, தனி ஆம்ப்ளிபையர் கேட்கும். இன்னொன்று: ஜூம் போன்ற செயலிகள் இடைவிடாத ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். தம்புரா அதன் கண்ணில் ஒரு மின்விசிறி. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்ற அமைப்பு இருக்கிறது. நீங்களும் குருவும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்போன் மோசம் என்று என்னிடம் வந்த புகார்களில் கணிசமானவை இந்த ஒரு அமைப்பில் தீர்ந்தன.

வெளிச்சத்தம் பற்றி. உங்கள் வீடு பஸ் போகும் சாலையை ஒட்டியதா, உள் தெருவா என்று எழுதவில்லை. சாலையோரம் என்றால் திறந்த வகை உதவாது. மூடிய ஓவர் இயர்தான், பாடும்போது ஒரு பக்கத்தைச் சற்றுத் தள்ளிக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் மின்னணு வசதி பம்ப்செட், மின்விசிறி, பஸ் இன்ஜின் போன்ற தாழ்ந்த, சீரான சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். ஹாரனையும் பக்கத்து வீட்டுப் பேச்சையும் தடுப்பது பெரும்பாலும் குஷன்தான். ஆன் இயரில் அந்தத் தடுப்பு குறைவு. தடுப்பு குறைந்தால் கை தானாக ஒலியைக் கூட்டும், அதுதான் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி, 86-ல் 10, 89-ல் ஐந்து. நீங்கள் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் கேட்கிறீர்கள். சத்தத்தோடு போட்டி போட்டுக் கேட்கும் ஆடம்பரம் உங்களுக்கு இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுக்கும் என்பார்கள். குஷன் தலைக்கேற்ப அமுங்குவதும் அதனால் ஒலி மாறுவதும் உண்மை. கேட்பவர் காது பழகிப்போவதும் உண்மை. இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. திறந்த வகையில் மேடை விரிந்து கேட்கும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அது பதிவையும் கேட்பவரின் கற்பனையையும் பெரிதும் சார்ந்தது. நீங்கள் இரவில் கேட்கும் பழைய வானொலிக் கச்சேரிகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி. அவற்றில் இல்லாத மேடையை எந்த ஹெட்போனும் கட்டித் தராது. சுகத்தைப் பற்றியும் தூரத்திலிருந்து ஒரு எல்லைக்கு மேல் சொல்ல முடியாது. தலையின் அகலமும் தாடையின் வாகும் என் கண்ணுக்குத் தெரியாதவை.

என்னிடம் நேரில் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன். வீடு அமைதியான தெருவில் இருந்தால், திறந்த வகை ஓவர் இயர், துணிக் குஷன், 300 கிராமுக்குள், குறைந்த ஓம், கேபிள் உள்ளது. சாலையோரம் என்றால் மூடிய ஓவர் இயர், அதிலும் துணிக் குஷன் உள்ளதைத் தேடுங்கள். கண்ணாடிக் கம்பி மெல்லியதாக இருக்கட்டும். நம் பக்கத்துக் கடைகளில் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்க விடுவது அபூர்வம். ஆகவே திருப்பி அனுப்ப வழியுள்ள இடத்தில் வாங்குங்கள். வந்த அன்றே கண்ணாடியோடும் தோட்டோடும் ஒரு முழு வகுப்பு நேரம் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா ஹெட்போனும் சுகமாகத்தான் இருக்கும். கவ்வல் மட்டும் அதிகமாகப் பட்டால் உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் தலையைவிடச் சற்று அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதில் ஒன்றிரண்டு இரவு மாட்டி வைத்தால் பல மாடல்கள் தளரும். கவனம், அளவுக்கு மேல் தளர்ந்தால் நான் மேலே சொன்ன அடைப்பு போய்விடும். உள்ளங்கைச் சோதனையைத் திரும்பவும் செய்து பாருங்கள். பழைய ஆன் இயரைத் தூக்கிப் போடாதீர்கள். சமையலறையில் நின்றுகொண்டு பாடம் கேட்கும்போது, குக்கர் விசிலும் வாசலில் கூப்பிடுகிற குரலும் காதில் விழ வேண்டிய நேரங்களில், அதுதான் வசதி.